எட்ஜ்வுட் பாடசாலைகளும் ஸ்தல சுயாட்சியும்

ஏழைகளுக்குத் தங்கள் குழந்தைகளின் படிப்பில் சிரத்தையில்லை என்று பேசுவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. நம் நாட்டிலும் இவர்களுக்குக் குறைவில்லை. வரி கொடுக்க மனமில்லாத ஊருக்கு நல்ல பள்ளிக்கூடம் எங்கிருந்து வரும் என்று இவர்கள் கேட்பதை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். இக்கேள்விக்குத் தக்க விடை அமெரிக்க ஐக்கிய நாட்டில், டெக்ஸாஸ் ராஜ்யத்தில், ஸான் அன்டோனியோ நகரத்தைச் சேர்ந்த எட்ஜ்வுட் என்னும் சிறு வட்டாரத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தங்கள் சக்திக்கு மிஞ்சி வரி கொடுத்தும் நல்ல பாடசாலை பெறாத ஜனங்களின் கதை அது. அவர்களுடைய வழக்கு 1973-ம் ஆண்டில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டில் ஒரே ஒரு நீதிபதியின் வோட்டினால் தோற்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றும் அத்தீர்ப்பு ரத்தாகவில்லை.

விஷயத்தை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் ஏற்பாட்டை முதலில் அறியவேண்டும். அங்கே பொதுப் பாடசாலைகளை நடத்துவது பெரும்பாலும் ராஜ்ய சர்க்காருமன்று, மத்திய சர்க்காருமன்று. நாடு ஆயிரக்கணக்கான பாடசாலை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு உண்டு. நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் வரி போடுவதற்கு அதற்கு அதிகாரம் உண்டு. டெக்ஸாஸில் 1949-ல் ஏற்பட்ட சட்டங்களின்படி, குறைந்தபட்சக் கல்விக்கென ஓர் அடிப்படை நிதித் திட்டமும் அமைந்தது. அதன் செலவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ராஜ்யமும் மீதியை எல்லா வட்டாரங்களும் சேர்ந்தும் கொடுத்துவந்தன. இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமோ அதை அந்தந்த வட்டாரம் தன் சொத்து வரியிலிருந்து தேடிக்கொள்ளவேண்டும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடாகவே தோன்றும்.

1967-68-ம் பள்ளியாண்டில் எட்ஜ்வுட் வட்டாரத்தின் 25 பாடசாலைகளில் சுமார் 22,000 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்ஸிகோ வம்சத்தார். ஆறு பேருக்குச் சற்று அதிகமானோர் கறுப்பு இனத்தார். வட்டாரத்தில் பெரிய வியாபார ஸ்தலங்களோ தொழிற்சாலைகளோ அநேகமாக இல்லை. குடிமக்களின் சிறு வீடுகளே வரிக்கு அகப்படும் சொத்து. குடும்பங்களின் நடுத்தர வருஷ வருமானம் 4,686 டாலர். மாணாக்கன் ஒருவனுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வரி விதிக்கத்தக்க சொத்தின் மதிப்பு 5,960 டாலர். இவ்விரண்டும் அம்மாநகரப் பிரதேசத்திலேயே மிகக் குறைந்த தொகைகள். வரி விகிதமோ 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட். அது அப்பிரதேசத்திலேயே மிக அதிகம். இவ்வளவு வரி கட்டியும், அடிப்படைத் திட்டத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு போக, பிள்ளை ஒன்றுக்கு மிஞ்சியது 26 டாலர்தான். அடிப்படைத் திட்டம் 222 டாலரும் மத்திய சர்க்கார் 108 டாலரும் கொடுத்தன. ஆக மொத்தம் 356 டாலர்.

அதே நகரப் பிரதேசத்தில் அலமோ ஹைட்ஸ் என்றொரு வட்டாரமும் உண்டு. அங்கே 6 பாடசாலைகள், சுமார் 5,000 பிள்ளைகள். பெரும்பாலோர் வெள்ளையர், மெக்ஸிகோ வம்சத்தார் 18 சதவீதம், கறுப்பு இனத்தார் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. குடும்ப வருமானம் 8,001 டாலர். பிள்ளை ஒன்றுக்குரிய சொத்து மதிப்பு 49,000 டாலருக்கு மேல். அங்கே வரி விகிதம் 85 சென்ட்தான். ஆயினும் அந்த லேசான வரி பிள்ளை ஒன்றுக்கு 333 டாலரைக் கொண்டுவந்து கொட்டியது. அடிப்படைத் திட்டத்திலிருந்து வந்தது 225 டாலர். எட்ஜ்வுட்டுக்குக் கிடைத்ததைவிட மூன்று டாலர் அதிகம் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்! இல்லாதவனுக்கு ஈடு செய்ய ஏற்பட்ட நிதி உள்ளவனுக்குச் சற்றுத் தாராளமாகவே கொடுத்தது. மத்திய சர்க்காரின் 36 டாலரும் சேர்ந்து மொத்தம் 594 டாலர்.

ஒரு வட்டாரத்தில் நடந்த விசித்திரமாக இதை ஒதுக்கிவிட முடியாது. டெக்ஸாஸ் வட்டாரங்களில் 110-ஐ எடுத்து ஆராய்ந்த கணக்கு நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. பிள்ளை ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சொத்துள்ள பத்து வட்டாரங்களின் வரி 100 டாலருக்கு 31 சென்ட். அதில் கிடைத்த பணம் தலைக்கு 585 டாலர். பத்தாயிரம் டாலருக்குக் குறைந்த சொத்துள்ள நான்கு ஏழை வட்டாரங்களின் வரி 70 சென்ட். கிடைத்தது 60 டாலர். இரண்டு மடங்குக்கு மேல் வரி, பத்தில் ஒரு பங்கு பணம். சிரத்தை யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று இனி நாம் சொல்லவேண்டுவதில்லை.

பணத்தின் குறைவு பாடசாலைக்குள்ளே எவ்வுருக்கொண்டது என்பதையும் பார்க்கவேண்டும். 1968-69-ல் அலமோ ஹைட்ஸில் உபாத்தியாயர் ஒவ்வொருவரும் பட்டதாரி. எட்ஜ்வுட்டில் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு எண்பது பேர்தான். முறையான தகுதிப் பத்திரமின்றி, ஆள் கிடைக்காத அவசரத்துக்கென அளிக்கப்படும் தற்காலிக அனுமதியின் மீது வேலை பார்த்தவர்கள் எட்ஜ்வுட்டில் ஏறக்குறைய 47 சதவீதம், அலமோ ஹைட்ஸில் 11 சதவீதம். காரணம் வெளிப்படை. எட்ஜ்வுட்டில் ஓர் உபாத்தியாயர் எட்டக்கூடிய உச்சச் சம்பளம் அலமோ ஹைட்ஸின் உச்சச் சம்பளத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். வீட்டில் ஸ்பானிய பாஷை பேசும் பிள்ளைக்கு இங்கிலீஷில் பாடம் கற்பிப்பதே மிகுந்த பயிற்சியும் பொறுமையும் வேண்டும் காரியம்; அப்பிள்ளைகள் முன்னே நிறுத்தப்பட்டவர்களில் பாதிப்பேர் தகுதிப் பத்திரம் இல்லாதவர்கள். இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கிலீஷ் ஒன்றே போதனா பாஷையாக இருக்கவேண்டுமென்று 1918-ல் டெக்ஸாஸில் சட்டம் செய்திருந்தார்கள். இருபாஷைப் போதனைக்கு இடம் கிடைத்தது 1969-ல்தான். தாய்ப் பாஷையைப் பள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரும்படி சொல்லப்பட்ட குழந்தை பரீட்சையில் பின்தங்கினால், அந்தப் பின்னடைவைக் குழந்தையின் பேரில் எழுதுவது என்ன நியாயம்? தமிழ் நாட்டாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1968 மே மாதம் 16-ந் தேதி எட்ஜ்வுட் ஹைஸ்கூல் மாணாக்கர் சுமார் 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலமாகச் சென்றார்கள். தகுதியுள்ள உபாத்தியாயர்கள் வேண்டும், கட்டடங்களைப் பழுது பார்க்கவேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். பிள்ளைகள் செய்ததைப் பெற்றோர் கைவிடவில்லை. அந்தக் கோடையிலேயே அவர்கள் மத்தியக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் டெமெட்ரியோ ரொட்ரீகஸ் என்பவர். கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்யும் தொழிலாளி. கடற்படையில் சேவை செய்தவர். வக்கீல் ஆர்தர் காக்மன் அவர்களுக்காக வாதாடினார். ஏழை வட்டாரத்துப் பெற்றோர் சிலர் ஒரு பெரிய ராஜ்யத்தின் வரி முறையையே எதிர்த்து நின்றது சாமானிய தைரியமன்று. 1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கோர்ட், டெக்ஸாஸின் ஏற்பாடு சட்டத்தின் சமபாதுகாப்பு விதிக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. ராஜ்யம் அப்பீல் செய்தது.

1973 மார்ச் 21-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்காகத் தீர்ப்பு எழுதிய லூயி பவல் கல்வி விஷயத்துக்குப் புதியவரல்லர். ரிச்மண்ட் நகரப் பாடசாலைப் போர்டுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். அவர் கூறியவற்றின் சாரம் இது: கல்வி மிக முக்கியமானதுதான், ஆயினும் அது மத்திய அரசியல் சட்டம் உத்தரவாதம் செய்யும் உரிமைகளில் ஒன்றன்று. பணத்தின் அளவுக்கும் படிப்பின் தரத்துக்கும் உள்ள சம்பந்தம் நிபுணர்களுக்குள்ளேயே விவாதத்திலிருப்பது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பாடசாலையைத் தானே நிர்வகிக்கும் ஸ்தல அதிகாரம் காப்பாற்றத்தக்கது. அதற்காக ஏற்பட்ட வரி முறையைக் குறையுடையதாயினும் கோர்ட் கவிழ்க்கலாகாது.

மாறுபட்ட நால்வரில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954-ம் வருஷத்து நிறப் பிரிவினை வழக்கில் கறுப்பு இனப் பிள்ளைகளின் பக்கம் நின்று வாதாடி வென்றவர் அவரே. அவர் எழுதிய அபிப்பிராயம் நீண்டது, கோபம் நிறைந்தது. ஆனால் நம் மனதைக் கவர்வது நீதிபதி பைரன் ஒயிட் போட்டுக் காட்டிய ஒரு சிறு கணக்கு. தங்கள் ஜில்லாவில் மிக அதிகமாக வசூலாகும் தொகையைத் தாமும் எட்டவேண்டுமானால், அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் வரி போட்டால் போதும். எட்ஜ்வுட் 5 டாலர் 76 சென்ட் போடவேண்டும். ஆனால் 1 டாலர் 50 சென்டுக்கு மேல் போடக்கூடாது என்பது ராஜ்யத்தின் சட்டம்! எட்டவேண்டிய உயரத்துக்கு ஏணியைக் கொடுக்காதது மட்டுமன்று, ஏறுவதையே சட்டத்தினால் தடுத்துவிட்டு, ஏறுவதும் ஏறாததும் உங்கள் சுதந்திரம் என்று உபதேசம் செய்தார்கள்.

நாம் ஸ்தல சுயாட்சியில் பற்றுள்ளவர்கள். பள்ளிக்கூடத்தை ஊரார் நிர்வகிக்கவேண்டும், தலைநகரத்துக் குமாஸ்தா நிர்வகிக்கலாகாது என்பது நமது கொள்கை. ஆகவே நீதிபதி பவலின் வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் சாவியை ஒருவரிடமும் பெட்டியை மற்றொருவரிடமும் கொடுக்கும் வித்தையை இந்தியர்கள் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள். 1919-ம் வருஷத்துச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி வந்தபொழுது, கல்வி இலாகா ஜன மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பொக்கிஷமோ கவர்னரின் நிர்வாக சபையிடமே நிறுத்திக்கொள்ளப்பட்டது. மந்திரி பாடசாலைகள் திறக்கலாம், பணம் மட்டும் கேட்கக்கூடாது. அந்தச் சுயாட்சியை அக்காலத்துத் தேசபக்தர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். எட்ஜ்வுட் போர்டுக்கு இருந்த அதிகாரமும் அத்தகையதே.

பணத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தம் நிச்சயமில்லை என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966-ல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பிள்ளையின் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில் பாடசாலையின் வசதிகளைவிடக் குடும்ப நிலையே பெரிது என்று காட்டியதாகப் பலர் எடுத்துப் பேசினார்கள். குடும்ப நிலை பெரிதுதான், இல்லையென்பார் யார்? ஆனால் பணம் வீண் என்று அதிலிருந்து ஏற்படாது. 2016-ல் ஜாக்சன், ஜான்சன், பெர்ஸிகோ என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளர் மூவர், பாடசாலை நிதிச் சீர்திருத்தங்களுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்களாகிய பின் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். பன்னிரண்டு பள்ளியாண்டுகளிலும் தலைக்குச் செலவு 10 சதவீதம் அதிகமானால் பிற்காலத்தில் கூலி ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமாகிறது, வறுமை குறைகிறது, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இந்த நன்மை மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு. 1973-ல் சந்தேகத்தின் பலனைச் செல்வ வட்டாரத்துக்குக் கொடுத்த கோர்ட்டின் முன் இந்த ஆராய்ச்சி இல்லை. ஆனால் ஒன்று கேட்கலாம்: பணத்தினால் பயனே இல்லையென்றால், தங்கள் 333 டாலரைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள அலமோ ஹைட்ஸ் போன்ற வட்டாரங்கள் ஏன் அவ்வளவு தயங்கவேண்டும்?

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1984-ல் எட்ஜ்வுட் வட்டாரமே முன்னின்று, இம்முறை டெக்ஸாஸின் சொந்த அரசியல் சட்டத்தைக் காட்டி, ராஜ்யக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1989 அக்டோபரில் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக எட்ஜ்வுட்டின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இதற்குள் நிலைமை எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதை அத்தீர்ப்பின் எண்களே காட்டுகின்றன. பிள்ளை ஒன்றுக்கு எட்ஜ்வுட்டின் சொத்து 38,854 டாலர்; அலமோ ஹைட்ஸின் சொத்து 570,109 டாலர். முன்னே எட்டு மடங்காக இருந்த வித்தியாசம் பதினான்கு மடங்குக்கு மேலாகிவிட்டது. ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முதல் வட்டாரத்துக்கும் கடைசி வட்டாரத்துக்கும் எழுநூறு மடங்கு வித்தியாசம்.

பின்னர் நடந்தது நான்கு ஆண்டுச் சட்டசபை நாடகம். 1991-லும் 1992-லும் சட்டசபையின் ஏற்பாடுகளைக் கோர்ட் நிராகரித்தது. 1993 மே மாதம், பணத்தை வட்டாரங்களுக்கிடையே பகிர்வதற்கான அரசியல் சட்டத் திருத்தத்தை ஜனங்களே வோட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். கோர்ட்டில் வென்ற நியாயம் வோட்டுப் பெட்டியில் தோற்கக்கூடும் என்பதை அரசியல் வேலை செய்யும் நம்மவர்கள் மறக்கலாகாது. வெள்ளை வீடுகளின் வரிப்பணம் பழுப்பு வீடுகளின் பிள்ளைகளுக்கு ஏன் என்ற எண்ணத்தை எதிர்த்துத் தெருத்தெருவாகப் பேசிய பிரசாரகர்கள் போதவில்லை போலும். அதன்மேல் சட்டசபை, பிள்ளை ஒன்றுக்கு 280,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துள்ள வட்டாரங்கள் மிகுதியைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்று சட்டம் செய்தது. 1995-ல் அது செல்லுமென்றாயிற்று. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் என்னும் கள்ளனின் பெயரை எதிரிகள் அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர் வசை என்று அவர்கள் எண்ணியது வேடிக்கையே. 2016-ல், முறையின் குறைகளை ஒப்புக்கொண்டே, அது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் கூறி, மேற்கொண்டு செய்யவேண்டியதைச் சட்டசபைக்கு விட்டுவிட்டது.

எட்ஜ்வுட் இன்று சொர்க்கமாகிவிடவில்லை. அதை மறைப்பது நம் நோக்கமன்று. 22,000-மாக இருந்த பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பலர் அருகிலுள்ள வேறுவகைப் பாடசாலைகளுக்குச் சென்றுவிட்டார்கள். ராஜ்யம் பணத்தை நாள்தோறும் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கொடுப்பதால், பிள்ளை போனால் பணமும் போகிறது. ஆனால் கட்டடத்தின் கூரையும் விளக்கும் தலைமை உபாத்தியாயரின் சம்பளமும் பாதியாகக் குறைவதில்லை. சிறு வட்டாரங்களை மெல்ல மெல்ல அரிக்கும் நோய் இதுவே. இதன் நடுவே எட்ஜ்வுட் போர்டு அங்கத்தினர்கள் தமக்குள் சண்டையிட்டு நிர்வாகத்தைக் கெடுத்துக்கொண்டதால், 2016-ல் ராஜ்யக் கல்வி இலாகா அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்து நியமன அங்கத்தினர்களிடம் கொடுத்தது. வெளியாருடன் இருபத்தைந்து வருஷம் போராடி உரிமை பெற்ற ஜனங்கள், உட்பூசலால் அதை இழந்த காட்சி வருந்தத்தக்கது. இத்தகைய காட்சிகளை நம் முனிசிபாலிட்டிகளிலும் கண்டிருக்கிறோம். ரொட்ரீகஸ் இதைக் காண இல்லை. அவர் 2013-ல் காலமானார்.

நம் நாட்டில் சட்டம் வேறு வழியில் சென்றது. கல்வி உரிமையன்று என்று அமெரிக்கக் கோர்ட் சொல்லி இருபது ஆண்டுகள் ஆனபின், 1993-ல், பதினான்கு வயது வரையில் கல்வி அடிப்படை உரிமையே என்று நமது சுப்ரீம் கோர்ட் உன்னிகிருஷ்ணன் வழக்கில் தீர்மானித்தது. 2002-ல் அது அரசியல் சட்டத்தில் ஏறியது. 2010 ஏப்ரல் 1 முதல் அதற்கான சட்டம் அமலில் இருக்கிறது. மேலும், 1920-ம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கல்வி வரி போடும் அதிகாரம் கொடுத்திருந்தபோதிலும், இன்று சர்க்கார் பாடசாலை உபாத்தியாயரின் சம்பளம் ராஜ்ய கஜானாவிலிருந்து வருகிறது. ஊரிலுள்ள வீடுகளின் விலை அதைத் தீர்மானிப்பதில்லை. இது நமக்கு நல்லதே. ஆனால் அலமோ ஹைட்ஸ் நம்மிடம் இல்லையென்று எண்ணி மகிழ வேண்டாம். அங்கே எல்லைக்கோட்டினால் செய்த பிரிவினையை இங்கே சம்பளத் தொகையினால் செய்கிறோம். ஒரே தெருவில் கட்டணப் பள்ளியின் வண்டிக்கு ஒரு பிள்ளையும் சர்க்கார் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் புறப்படுகின்றன. வருஷ முடிவில் பரீட்சை ஒன்றே.

எட்ஜ்வுட் பெற்றோரிடம் ஒரு ஆயுதம் இருந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த இனத்தார், தலைக்கு எவ்வளவு செலவு, தகுதி பெற்ற உபாத்தியாயர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. நீதிபதி ஒயிட் அதைக் கொண்டே 5 டாலர் 76 சென்ட் என்று எழுத முடிந்தது. தமிழ் நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன், ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் பிள்ளைகளின் தொகை, ஜாதிவாரி எண்ணிக்கை, தலைக்கு ஆன செலவு, காலியாக உள்ள உபாத்தியாயர் ஸ்தானங்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆகிய ஐந்தையும் ஒரே அட்டவணையில், தமிழில், சபையின் மேஜைமீது வைக்கும்படி மந்திரியைக் கேட்கவேண்டும். அட்டவணை வந்தால், ஒன்றியம் ஒன்றியமாக அதை நம் பத்திரிகையில் வெளியிட நாம் தயாராக இருக்கிறோம்.